ஒரு பாயிண்ட்டுக்காரி

சைக்கிள் கடைக்காரர் தன் மகளை அந்த விளையாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போன முதல் நாள், உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம். நடுவில் ஒரு பெண் குரல் யாரையோ காது கூசுகிற மாதிரி திட்டியது. அதற்குப் பத்துப் பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

“சண்டை போடுறாங்க போலம்மா. இன்னொரு நாள் வரலாம்.”

“சண்டை இல்லப்பா, விளையாடுறாங்க. நீ தள்ளு.”

மகளுக்கு அப்போது பதினாறு வயது. பத்து வயதில் பள்ளிக்கூட மாடிப்படியின் கைப்பிடி பெயர்ந்து கீழே விழுந்தவள். உயிர் பிழைத்தது, தண்டுவடம் பிழைக்கவில்லை. மார்புக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்காது. ஆறு வருடம் வீட்டு ஜன்னலும் அவளும்தான். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண்தான், “இங்க ஒரு டீம் இருக்கு, பொண்ண ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க” என்று ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்திருந்தாள்.

உள்ளே போனால், வீல்சேரில் உட்கார்ந்த பெண்கள் ஒரு பந்துக்காக ஒருத்தி மேல் ஒருத்தி போய் இடித்துக்கொண்டிருந்தார்கள். கூடைப்பந்து. தன் வீட்டில் மகளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டையைத் தூக்குவது மாதிரி தூக்குகிறவர் அவர். இங்கே ஒருத்தி நாற்காலியோடு கவிழ்ந்து கிடந்தாள், அவளைச் சுற்றிக்கொண்டு ஆட்டம் போய்க்கொண்டிருந்தது.

டீமின் கேப்டன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு கால் முட்டிக்குக் கீழே இல்லை. வீட்டுக்குப் போகும்போது கட்டைக் காலை மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவாள். அவள் மகளைப் பார்த்து, நீ எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்பது போலக் கேட்டாள்:

“உனக்கு எது வரைக்கும் உணர்ச்சி இருக்கு?”

“நெஞ்சு வரைக்கும். அதுக்குக் கீழ இல்ல.”

“வயிறு, முதுகு?”

“இல்ல.”

கேப்டன் பயிற்சியாளர் பக்கம் திரும்பிக் கத்தினாள். “சார்! நமக்கு ஒண்ணு கிடைச்சாச்சு!”

கூடம் முழுக்கக் கைதட்டல். இந்த ஆறு வருடத்தில் அந்தப் பதிலைக் கேட்டு உச்சுக் கொட்டாதவர்கள் இல்லை. கைதட்டியவர்களைக் கடைக்காரர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அதற்கான கணக்கை அப்புறம் சொன்னார்கள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒரு பாயிண்ட் உண்டு. அதிகம் அசைய முடிகிறவருக்கு அதிகப் பாயிண்ட், முடியாதவருக்குக் குறைவு. கேப்டனுக்கு நாலரை. இவளுக்கு ஒன்று, அதற்குக் கீழே கிடையாது. களத்தில் ஐந்து பேர் இறங்கலாம், ஆனால் ஐந்து பேர் பாயிண்ட்டையும் கூட்டினால் பதினாலைத் தாண்டக் கூடாது. பலமானவர்களையே ஐந்து பேரையும் இறக்கிவிட முடியாதபடிக்கு வைத்த விதி. அதனால் கேப்டன் மாதிரி ஆள் விளையாட வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு ஒன்று இருந்தே ஆக வேண்டும். அந்த டீமில் நாலரை, நாலு, மூணு, ஒன்றரை எல்லாம் இருந்தார்கள். ஒன்று மட்டும் இரண்டு வருடமாக இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். இவள் வந்ததும் கணக்கு நூல் பிடித்தது போல் பதினாலில் வந்து நின்றது.

அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாயிண்ட்தான் பெயர். “ஏ மூணு, பந்தப் பாருடி!” “நாலு, தூங்குறியா?” மகள் அன்றிலிருந்து ‘ஒண்ணு’.

ஒண்ணுக்குப் பந்து போடுகிற வேலையே கிடையாது. நாலு வருடத்தில் அவள் கூடைக்குள் போட்ட பந்து மொத்தம் மூன்று. அவள் வேலை மறிப்பது. எதிர் டீமின் பெரிய ஆள் பாய்ந்து வரும்போது தன் வண்டியைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர்கள் இடிப்பார்கள். இவள் நகரக் கூடாது. அந்த நொடியில் நாலரை பின்னால் புகுந்து பந்தைப் போட்டுவிடுவாள்.

முதல் தடவை மகள் வண்டியோடு கவிழ்ந்தபோது கடைக்காரர் கத்திக்கொண்டே களத்துக்குள் ஓடினார். விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

“அப்பா, செருப்போட உள்ள வந்தா எங்களுக்கு ஃபவுலு,” என்றாள் கேப்டன். “உங்க பொண்ணுக்குப் பல்லு விழுந்திருந்தா சொல்லுங்க, தேடித் தரோம். இல்லன்னா வெளிய போங்க.”

தரையில் கிடந்த மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அதன் பிறகு அவர் வாரம் மூன்று நாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். டீமின் சக்கரங்கள் எல்லாம் அவர் கைக்கு வந்தன. கோட்டம் எடுப்பார், உடைந்த கம்பியை மாற்றுவார், டியூபுக்கு ஒட்டுப் போடுவார்.

எல்லாம் சிரிப்பு என்று சொல்ல முடியாது. அந்தக் கூடத்தின் கழிவறைக்கு மூன்று படி ஏற வேண்டும். சாய்வுப் பலகை வைத்துக் கொடுக்கச் சொல்லி எத்தனையோ கடிதம் கொடுத்தாகிவிட்டது. அதனால் விளையாட வருகிற நாளில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். உதடு வெடித்துப்போய் விளையாடுவார்கள். ஒரு போட்டியில் பெரிய மனிதர் ஒருவர் வந்து, இவர்களைப் பார்த்தால் தனக்குக் கண்ணீர் வருகிறது என்று அரை மணி நேரம் பேசினார். படம் எடுத்துக்கொண்டார். ஆட்டம் தொடங்கும்போது அவர் கார் கிளம்பிவிட்டது.

“அவரு நம்ம ஆட்டத்தப் பாக்க வரல,” என்றாள் நாலரை. “நம்மளப் பாக்க வந்தாரு. பாத்தாச்சு, போயிட்டாரு. வாங்கடி.”

இதெல்லாம் ஒரு பக்கம். வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் பெண் சொல்லிக் கொடுத்த முதுகுப் பயிற்சி. தினம் காலையில் மகளைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, பாதத்தை முக்காலியில் வைத்து, இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பார். பிறகு கையை மெல்லத் தளர்த்துவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் அவள் பக்கவாட்டில் சரிந்துவிடுவாள். பிடித்து நிமிர்த்துவார். மறுபடியும். ஆரம்பத்தில் ஐந்து எண்ண முடிந்தாலே பெரிசு. பிறகு பத்து. பிறகு ஐம்பது. ஆட்டத்தில் இடி வாங்கி வாங்கியோ, காலைப் பயிற்சியாலோ, செத்துப்போனதாக நினைத்த முதுகில் எங்கேயோ கொஞ்சம் உயிர் ஊறியிருந்தது.

பச்சைக் குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் தலை நிற்குமே, அப்போது வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்ப்போமே, அது மாதிரி அவர் பார்த்தார். இருபதாவது வயதில் ஒரு நாள் மகள் கையை எங்கேயும் ஊன்றாமல் முன்னால் குனிந்து, தரையில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு, தானாக நிமிர்ந்தாள். அவர் கடைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். டீக்கடைக்காரருக்குச் சொன்னார். பஞ்சர் ஒட்ட வந்த ஆளிடம், அவன் கேட்காமலே, குனிந்து நிமிர்ந்து காட்டினார்.

“அதுக்கு என்ன இப்போ? நானும்தான் குனியிறேன்,” என்றான் அவன்.

“உனக்கு என்னய்யா தெரியும்!” என்றார்.

அந்த வருடம்தான் டீம் முதல் தடவையாகப் பெரிய போட்டிக்குத் தேர்வானது. வேறு ஊர், பத்து நாள் தங்கல், எல்லா இடத்திலிருந்தும் டீம்கள். மகள் ஒரு மாதமாகத் தூங்கவே இல்லை. போவதற்கு முன்னால் எல்லாருக்கும் மறுபடி உடம்புப் பரிசோதனை வைத்துப் பாயிண்ட்டை உறுதி செய்வார்கள் என்றார்கள். கேப்டன் மகளின் காதோடு ஏதோ சொன்னாள். அப்பாவின் காதில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு.

பரிசோதனை அறையில் ஒரு மேஜை, தரையில் ஒரு மெத்தை, இரண்டு டாக்டர்கள். மகளைத் தூக்கி மாற்றுவதற்காக அவரையும் உள்ளே விட்டார்கள். பெண் டாக்டர் மரியாதையானவர். கையைத் தூக்கு, பக்கவாட்டில் திரும்பு என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். கடைசியில் ஒரு பந்தை மகளின் பாதத்துக்கு முன்னால் தரையில் வைத்தார்.

“எடும்மா.”

மகள் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுத்தாள்.

“கை பிடிக்காம எடுக்க வருமா?”

மகள் பந்தைத் திரும்பத் தரையில் வைத்தாள். பிறகு, “வராது டாக்டர்,” என்றாள்.

பத்து வருடமாக டாக்டர்கள் அறையில் நின்று பழகியவர் அவர். டாக்டர் ஒன்றைச் செய்யச் சொன்னால் செய்து காட்ட வேண்டும், செய்து காட்டினால் டாக்டர் முகம் மலரும், அது நல்லது. அவருக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான். அந்தப் பத்து வருடத்தில் டாக்டர் முகம் மலர்ந்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இதோ, இன்றைக்கு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இவள் என்ன வராது என்கிறாள்?

“வரும் டாக்டர்!” என்றார். “கூச்சப்படுறா. வீட்ல ஒரே மூச்சுல இருபது தடவ செய்வா. காட்டும்மா! டாக்டருக்குக் காட்டு!”

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் அப்போது வெட்கம் என்றுதான் நினைத்தார்.

“அப்பா சொல்றது நிஜமா?” என்றார் டாக்டர்.

மகள் இரண்டு கையையும் சக்கரத்திலிருந்து எடுத்தாள். குனிந்தாள். பந்தை எடுத்தாள். நிமிர்ந்தாள். பந்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கடைக்காரர் கைதட்டினார். டாக்டர் தாளில் எதையோ அடித்துவிட்டு வேறு ஒன்றை எழுதினார்.

வெளியே நாலரை காத்திருந்தாள். “எவ்வளவு?”

“ரெண்டு.”

நாலரையின் முகம் செத்துப்போனது. “நான்தான் படிச்சுப் படிச்சு சொன்னேன்லடி, பொய் சொல்ல வேணாம், கேட்டத மட்டும் செய்யி, இருக்கிறத விட ஒரு நூல் அதிகமாக் காட்டிடாதன்னு?”

“அப்பா காட்டிட்டாரு,” என்றாள் மகள்.

கடைக்காரர் சிரித்த முகமாகவே நின்றிருந்தார். “ரெண்டுன்னா நல்லதுதானேம்மா? ஒண்ண விட ரெண்டு பெரிசுதானே?”

வேனில் உட்கார்ந்து அவரே விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். நாலரையும் நாலும் எட்டரை. மூணு சேர்த்தால் பதினொன்றரை. ஒன்றரை சேர்த்தால் பதிமூன்று. அப்புறம் ரெண்டு. பதினைந்து. மறுபடி கூட்டினார். பதினைந்துதான் வந்தது.

வீட்டில் மனைவி, துணி தேய்க்கிற கடையில் நாளெல்லாம் நின்று வந்த களைப்பிலும் அவரைச் சும்மா விடவில்லை.

“அவ வாய் திறந்து வராதுன்னு சொல்றா. நீங்க எதுக்கு மூக்க நுழைச்சீங்க?”

“பொய் சொல்றாளேன்னு…”

“பொய்யோ நிஜமோ, அவ உடம்பு, அவ சொல்றா. உங்களுக்குக் கைதட்டல் வேணுமாயிருந்துச்சு. வேற என்ன?”



டீமுக்குப் புதிதாக ஒரு ஒன்று கிடைத்தாள். பதினேழு வயதுப் பெண், விபத்து நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். ஆனாலும் பதினாலு பதினாலுதான். பயிற்சியாளர் கூச்சத்தோடு கடைக்கு வந்து, மகள் ஓட்டிய வண்டியை அந்தப் பெண்ணின் அளவுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். கடைக்காரர் மகளிடம் போய் நின்றார்.

“செஞ்சு குடுப்பா,” என்றாள் அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “இடது சக்கரம் லேசா இழுக்கும். அதையும் பாத்துக் குடு. புதுசு, விழுந்துருவா.”

பார்த்துக் கொடுத்தார். டீம் போனது, தோற்றது, திரும்பி வந்தது. மகள் ஜன்னலுக்குத் திரும்பினாள்.

கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயிற்சியாளரிடம் போய்க் கெஞ்சினார். மறுபடி பரிசோதனை கேட்கலாம், ஆனால் ஒரு வருடம் போக வேண்டும், உடம்பு மாறியிருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். கடைக்காரர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

“அம்மாடி, ஒரு வருஷம்தான். அடுத்த தடவ நான் உள்ளயே வரல. நீ வராதுன்னு சொல்லிடு. யாரு பாக்கப் போறா?”

“பொய் சொல்லணுமா?”

“சின்னப் பொய்தானேம்மா.”

“அன்னைக்குச் சொன்னேன். நீ புடிச்சுக் குடுத்துட்ட.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “இப்ப அந்த டாக்டருக்கு என் முதுகு தெரியும். இனிமே பொய் செல்லாதுப்பா. நான் சொல்லவும் மாட்டேன்.”

ஆசையை விட்டுவிட்டாள் என்று அவர் நினைத்தார். மறுநாள் காலை பெல்ட்டை எடுத்துக்கொண்டு போனபோது, “இன்னைக்கு வேண்டாம்,” என்றாள். உடம்பு சரியில்லையோ என்று விட்டார். அதற்கு அடுத்த நாளும் வேண்டாம். அதற்கடுத்த வாரமும் வேண்டாம். ஒரு மாதம் போன பிறகுதான், கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று அவருக்கு உறைத்தது. அவள் பொய் சொல்லப் போவதில்லை. அதை நிஜமாக்கிக்கொண்டிருக்கிறாள்.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார்.

“வேணாம்மா. நாலு வருஷம்மா. ஒவ்வொரு நாளும் எண்ணி எண்ணி வந்த முதுகும்மா அது.”

“எதுக்கு வந்துச்சு?” என்றாள். “நிமிந்து உக்காந்து நான் என்ன பண்ணட்டும், சொல்லு. ஜன்னலப் பாக்கவா? இப்பவும் பாத்ரூமுக்கு அம்மாதான் தூக்கிட்டுப் போறாங்க. குனிஞ்சு ஒரு துணி எடுக்கறேன், அவ்வளவுதான். அந்தக் கோர்ட்டுல நாலரை என்னைத் திட்டுவா. வேற யாரு என்னைத் திட்டியிருக்கா, சொல்லு? எல்லாரும் பாவம்னுதான் சொல்லியிருக்காங்க. எதிர்ல வர்றவ என்னை இடிச்சுத் தள்ளணும்னு வருவா. நான் நகர மாட்டேன். எனக்கு அது வேணும். முதுகு நீயே வச்சுக்கோ.”

ஒரு நாள் காலையில் அவர் வலுக்கட்டாயமாக அவளைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, பெல்ட்டைக் கட்டி, கையை விட்டார். ஒன்று என்று எண்ணுவதற்குள் அவள் தலையணை மேல் சரிந்தாள். நிமிர்த்தினார். மறுபடி சரிந்தாள். விழுகிறாளா, விழ விடுகிறாளா என்று அவருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. “ஏம்மா இப்படிப் பண்ற” என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். அவள் சரிந்த வாக்கிலேயே அவர் தலையில் கை வைத்தாள். ஆனால் நிமிரவில்லை.

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சாப்பிடும்போது முழங்கையை மேஜையில் ஊன்றாமல் அவளால் இருக்க முடியவில்லை. தும்மினால் முன்னால் கவிழ்ந்தாள். மழைக்காலத்தில் வந்த சளி நெஞ்சில் இறங்கி, இருமி வெளியே தள்ளத் தெம்பில்லாமல் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். பயிற்சி கொடுத்த அதே பெண் வந்து முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்ன ஆச்சு? ஏன் விட்டீங்க?” என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். “இவங்களுக்குப் போன சதை திரும்பி வர்றது லேசு இல்ல சார். வராமலே போனாலும் போகும்.” அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மகள் ஆக்சிஜன் மூடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவாரோ என்று பயந்த பார்வை அது. இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருடம் முடிந்து பரிசோதனைக்குத் தேதி வந்தது. அதே கட்டிடம், அதே பெண் டாக்டர். மெத்தைக்கு மாற்றிவிட ஒரு நர்ஸ் இருந்தாள்.

“நீ வெளிய இருப்பா,” என்றாள் மகள்.

அவர் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றார். உள்ளே பேச்சு கேட்டது. கையைத் தூக்கு. திரும்பு. எடும்மா. கை பிடிக்காமல். அப்புறம் சக்கரம் உரசுகிற சத்தம், தொப்பென்று ஏதோ மெத்தையில் விழுகிற சத்தம்.

“பரவாயில்ல, அவசரமில்ல,” என்றார் டாக்டர். “கை ஊனாம எந்திரிச்சு உக்கார வருதான்னு பாரு. நல்லா முயற்சி பண்ணு.”

உள்ளே மகள் மூச்சுப் பிடிக்கிற சத்தம் கேட்டது. அவள் ஏமாற்றவில்லை. அவருக்குத் தெரியும். முழு பலத்தையும் போட்டு எழப் பார்க்கிறாள். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எந்திரிக்கக் கூடாது, எந்திரிக்கக் கூடாது, ஒரு தடவ மட்டும் எந்திரிக்க விட்டுடாத என்று அவர் உதடு தானாக முணுமுணுத்தது. யாரைக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. பெற்ற பிள்ளைக்காக இப்படி ஒன்றைக் கேட்ட தகப்பன் வேறு எங்காவது இருப்பானா என்று பிறகு பல நாள் யோசித்தார்.

சத்தம் நின்றது. “போதும்மா, விடு,” என்றார் டாக்டர். பேனா தாளில் ஓடியது. “போன வருஷம் இதவிட நல்லா இருந்தியேம்மா,” என்றது டாக்டரின் குரல், மெதுவாக.

கதவு திறந்தது. நர்ஸ் தள்ளிக்கொண்டு வர, மகள் வியர்வையில் நனைந்து, பெல்ட்டில் தொங்குவது மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாள். முகம் மட்டும் ஒரு வருடமாக அவர் பார்க்காத முகம்.

“ஒண்ணு!” என்றாள்.

நாலரை வாசலிலேயே கத்தினாள். “வந்துட்டாடி என் சனியன்! புதன்கிழம ஏழு மணிக்குப் பிராக்டிஸு. லேட்டா வந்த, தொலைச்சிடுவேன்!”

“நீ மொதல்ல அந்தக் கட்டக் காலுக்கு எண்ணெய் போட்டு வை, போன மாசமே கிறீச்சுன்னுச்சு,” என்றாள் மகள். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

அவளை வேனில் ஏற்றக் கடைக்காரர் குனிந்தார். முதுகுக்குக் கீழே ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை. போன வருடம்வரை தூக்கும்போது அவள் தன் பாதி பாரத்தைத் தானே தாங்கிக்கொள்வாள். இப்போது மொத்த உடம்பும் ஈரத்துணி மாதிரி அவர் கையின் மேல் மடிந்து வழிந்தது. தலை அவர் தோளில் வந்து விழுந்தது.

“கெட்டியாப் புடிச்சுக்கோப்பா,” என்றாள் மகள் சிரித்துக்கொண்டே. “வழுக்குறேன்.”

“புடிச்சிருக்கேம்மா,” என்றார்.